ஸ்காபரோவில் குறைந்த செலவில் உளவளத்துணை பெறுவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நித்திரை இல்லாமல் நான்கு மாதம் கிடந்த பிறகுதான் முதல் தொலைபேசி அழைப்பை எடுத்தேன். அந்த அழைப்புக்கும், ஓர் உளவளத்துணையாளரின் முன்னால் போய் இருந்ததற்கும் இடையில் இன்னும் ஐந்து மாதம் ஓடியது. அதில் மூன்று மாதத்தையாவது நானே வீணாக்கினேன். பிழையான இடங்களுக்கு அழைத்தேன். சரியான இடம் திருப்பி அழைத்தபோது எடுக்கவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "பரவாயில்லை" என்று பதில் சொன்னேன். ரொறன்ரோவில், குறிப்பாக ஸ்காபரோவில், புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு அந்த மூன்று மாதமாவது மிஞ்சட்டும் என்று இதை எழுதுகிறேன். ஒன்ராறியோவின் மற்ற நகரங்களில் நிறுவனங்களின் பெயர்கள் மாறும். நடைமுறை பெரும்பாலும் இதுதான்.

ஊரில் உளவளத்துணை என்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கவுன்சலிங் என்பார்கள். இங்கே தொலைபேசியில் கேட்கும்போது "மென்டல் ஹெல்த் கவுன்சலிங்" என்று முழுதாகச் சொல்லுங்கள். நான் முதல் தடவை வெட்கப்பட்டு "ஸ்ட்ரெஸ்" என்று மட்டும் சொன்னேன். யோகா வகுப்பு ஒன்றின் நேர அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார்கள்.

இந்தக் கட்டுரை காத்திருக்க முடிந்தவர்களுக்கானது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பட்டியலும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. பொலிஸ் வருவது பயமாக இருந்தால், ரொறன்ரோவில் 211ஐ அழைத்து, பொலிஸ் இல்லாமல் வரும் நெருக்கடி உதவிக் குழுவைக் கேட்கலாம். எந்தப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் நேராகப் போகலாம். குயின் வீதி மேற்கில் உள்ள காம்-எச் மனநல மருத்துவமனையில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் அவசரப் பிரிவு இருக்கிறது.

1. யார் பணம் கட்டுவார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஓஹிப் எனப்படும் ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதி அட்டை இருந்தால் எல்லாம் இலவசம் என்று வந்த புதிதில் நினைத்திருந்தேன். ஓஹிப் குடும்ப வைத்தியருக்கும், சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவருக்கும், மருத்துவமனைச் சேவைகளுக்கும் பணம் கொடுக்கும். தனியார் அலுவலகம் வைத்திருக்கும் சைக்கோதெரபிஸ்ட் (பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர்), சமூகப் பணியாளர், உளவியலாளர் ஆகியோருக்கு ஒரு சதமும் கொடுக்காது. அவர்களிடம் நேராகப் போனால் ஒரு சந்திப்புக்கு 130 முதல் 200 டொலர் வரை கேட்பார்கள். உளவியலாளர் என்றால் 200க்கும் மேலே. வாரத்துக்கு ஒரு தடவை என்று கணக்குப் பார்த்தால் பேஸ்மென்ட் வாடகையில் பாதி போய்விடும். அதனால்தான் சமூக நிறுவனங்களின் வழி.

உங்கள் குடிவரவு நிலையைப் பொறுத்து வழி கொஞ்சம் மாறும்.

நிரந்தர வதிவிடம் பெற்று வந்தவர்கள் ஓஹிப்புக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள். அந்த விதி 2020 மார்ச்சிலேயே போய்விட்டது. வந்தவுடன் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் பதியலாம்.

அகதிக் கோரிக்கையாளர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. அது உளவளத்துணைக்கும் உதவும். ஆனால் நீங்கள் போகும் ஆலோசகர் அந்தத் திட்டத்தை நடத்தும் மெடாவி புளூ குரொஸ் நிறுவனத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். பதியாதவரிடம் போய்ப் பணம் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை அனுப்பினால் திரும்பி வராது. 2026 மே முதல் இத்தகைய மேலதிகச் சேவைகளில் 30 வீதத்தைப் பயனாளி கட்ட வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஆகவே "என் பங்கு எவ்வளவு?" என்று முதல் சந்திப்புக்கு முன்னரே கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளிடம் சுப்பர் விசாவில் வந்திருக்கும் அம்மா, அப்பாவுக்கு ஓஹிப் இல்லை. அவர்களுடைய காப்புறுதி பெரும்பாலும் அவசர மருத்துவத்துக்குத்தான். நாள் முழுவதும் தனியே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அவர்களுக்குத்தான் இந்த உதவி அதிகம் தேவை. சமூகச் சுகாதார நிலையங்களை நாடுங்கள். ஓஹிப் இல்லாதவர்களைப் பார்ப்பதற்கும் அவற்றுக்கு நிதி ஒதுக்கீடு உண்டு. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் வெளியே தேடுவதற்கு முன் வளாகத்தில் உள்ள உளவளத்துணைப் பிரிவைப் பாருங்கள். அதற்கான பணம் பெரும்பாலும் உங்கள் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். தொழிற்சாலை வேலையாக இருந்தாலும் நிரந்தரப் பணியாளர் என்றால் "ஈ.ஏ.பி." என்ற பணியாளர் உதவித் திட்டம் இருக்கக்கூடும். அதில் சில சந்திப்புகள் இலவசம். யார் போனார் என்று முதலாளிக்குத் தெரியாது. நான் ஒரு வருடம் வேலை செய்த பிறகுதான், சாப்பாட்டு அறைச் சுவரில் அந்த எண் ஒட்டியிருந்ததைக் கண்டேன். கணவரோ மனைவியோ வேலை செய்யும் இடத்துக் காப்புறுதியையும் விரித்துப் படியுங்கள். சில காப்புறுதிகள் உளவியலாளருக்கு மட்டும் பணம் தரும். சில, சமூகப் பணியாளருக்கும் சைக்கோதெரபிஸ்டுக்கும் தரும். யாருக்குத் தரும் என்று தெரியாமல் போனால் முழுப் பணமும் உங்கள் தலையில் விழும்.

2. குடும்ப வைத்தியரிடம் இரண்டு கேள்விகள்

குடும்ப வைத்தியர் இருந்தால் அடுத்த தடவை போகும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். "உங்கள் குழுவில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா?" சில வைத்தியர்கள் குடும்பச் சுகாதாரக் குழு என்ற அமைப்பில் வேலை செய்கிறார்கள், அங்கே சமூகப் பணியாளரை இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாவது: "ஒன்ராறியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி திட்டத்துக்கு என்னை அனுப்புவீர்களா?" இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான அரசின் இலவசத் திட்டம். சில பகுதிகளில் வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தலையிடி, நெஞ்சு அடைப்பு, வயிற்று எரிவு எல்லாம் வைத்தியரிடம் சொல்வோம். அழுகை வருவதை மட்டும் சொல்ல மாட்டோம். அதனால் இரத்தப் பரிசோதனை, இருதயப் பரிசோதனை என்று மாதங்கள் போகும். அழுகையை முதலில் சொல்லுங்கள். அதோடு, பரிசோதனைகளை அவசியமில்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். தைரொய்ட் குறைபாடும் இரத்தச் சோகையும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும்.

3. எங்கே அழைப்பது

இணையத்தில் தேடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் வருவது விளம்பரம். இரண்டு எண்களில் தொடங்குங்கள். 211: சமூக சேவைகளுக்கான பொதுவான எண். கொனெக்ஸ் ஒன்ராறியோ, 1-866-531-2600: மனநலம், போதைப் பழக்கச் சேவைகளுக்கு மட்டும். இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள். "டமில் இன்டர்பிரட்டர் பிளீஸ்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவர்களிடம் உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லுங்கள். பல சேவைகள் பகுதி வாரியாகப் பிரிந்திருக்கின்றன. எம்1 என்று தொடங்குவது ஸ்காபரோ. ஸ்காபரோவில் இருந்துகொண்டு மிசிசாகா நிறுவனம் ஒன்றின் பட்டியலில் ஆறு வாரம் இருந்துவிட்டு, "நீங்கள் எங்கள் பகுதி இல்லை" என்ற பதிலை வாங்கியவள் நான்.

அவர்கள் தரும் பெயர்கள் ஏறக்குறைய நான்கு வகைக்குள் அடங்கும்.

குடும்ப சேவை நிறுவனங்கள். ஃபமிலி சேர்விஸ் ரொறன்ரோ, கத்தோலிக் ஃபமிலி சேர்விசஸ் போன்றவை. இரண்டாவதின் பெயரைப் பார்த்துச் சைவக்காரர் பின்வாங்க வேண்டாம். எந்த மதத்தவரையும் பார்ப்பார்கள், பைபிள் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள். வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் இங்கேதான்.

சமூகச் சுகாதார நிலையங்கள். வைத்தியர், தாதி, சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். சில நிலையங்களில் அங்கேயே வைத்தியரையும் பார்ப்பவராக இருக்க வேண்டும்.

போரிலும் தடுப்பிலும் சித்திரவதையிலும் அகப்பட்டு வந்தவர்களுக்கென்றே உள்ள இடம்: சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கான கனேடிய நிலையம், சுருக்கமாக சி.சி.வி.டி. ஸ்காபரோவிலும் அதற்கு அலுவலகம் உண்டு. வன்னியில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டிய அவசியம் இல்லாத மிகச் சில இடங்களில் இது ஒன்று. "எனக்கு நடந்தது அவ்வளவு பெரிதில்லை" என்று நீங்களே உங்களைத் தள்ளிவைக்க வேண்டாம். அழைத்துப் பேசுங்கள், பொருந்துமா என்று அவர்கள் சொல்லட்டும்.

பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் வேறு வழி. "வட்ஸ் அப் வோக்-இன்" என்ற பெயரில் ரொறன்ரோவின் பல இடங்களில் 29 வயது வரையான இளையோருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் ஒரு தடவைச் சந்திப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சுகாதார அட்டை கேட்க மாட்டார்கள். கைபேசிச் செயலியின் பெயர் போல ஒலிப்பதால் என் மைத்துனர் அதை நம்பவே இல்லை.

4. காகிதங்கள்

தொலைபேசியை எடுப்பதற்கு முன் இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்: புகைப்பட அடையாளம், ஓஹிப் அட்டை அல்லது அகதிக் கோரிக்கை ஆவணம், முகவரி காட்டும் ஒரு கடிதம், வருமானச் சான்று. முதல் மூன்றும் யாரிடமும் இருக்கும். நான்காவதில்தான் சிக்கல்.

வருமானச் சான்று என்றால் பெரும்பாலும் கேட்பது வருமான வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவிப்பு. "நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட்" என்பார்கள். வந்து ஒரு வரிக்காலம் கூட முடியாதவர்களிடம் அது இருக்காது. பயப்பட வேண்டாம். கடைசி இரண்டு, மூன்று சம்பளத் துண்டுகள், அல்லது ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவிப்பணக் கடிதம் போதும். சில இடங்களில் நீங்கள் வாயால் சொல்லும் தொகையையே எழுதிக்கொள்வார்கள். அடுத்த ஏப்ரல் 30க்குள், வருமானம் பூச்சியம் என்றாலும், வரிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் நூலகங்களிலும் குடியேற்ற நிலையங்களிலும் தொண்டர்கள் இலவசமாகச் செய்து தருவார்கள். அந்த அறிவிப்பு இந்த விஷயத்துக்கு மட்டுமல்லாமல் பத்து இடங்களில் உதவும்.

கவனம்: குடும்ப வருமானம் கேட்கிறார்களா, தனி வருமானம் கேட்கிறார்களா என்று கேளுங்கள். கணவரின் சம்பளத்தைச் சேர்த்தால் என் கட்டணம் இரண்டு மடங்காகியிருக்கும். கணவருக்குத் தெரியாமல் போக வேண்டிய நிலையில் இருக்கும் பெண்கள் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவருடைய காகிதத்தைக் கேட்காமல் விடுவார்கள்.

5. முதல் பதிவு அழைப்பு

இதைத்தான் "இன்டேக்" என்பார்கள். எல்லாம் இங்கேதான் தீர்மானமாகும். நான் அதிகம் சறுக்கியதும் இங்கேதான்.

நீங்கள் அழைப்பீர்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டு வைக்கச் சொல்லும் இயந்திரம். சில நாட்களோ சில வாரங்களோ கழித்து, திரையில் "பிரைவேட் நம்பர்" என்று காட்டும் ஓர் அழைப்பு வரும். இரகசியம் காப்பதற்காக எண்ணை மறைத்து அழைப்பது இவர்களின் வழக்கம். நாங்களோ வரித் திணைக்களம் என்று ஏமாற்றுகிறவர்களுக்குப் பயந்து தெரியாத எண்ணை எடுப்பதே இல்லை. என் கைபேசியில் வொய்ஸ்மெயிலும் அமைத்திருக்கவில்லை. ஒரு நிறுவனம் மூன்று தடவை அழைத்துப் பார்த்துவிட்டு என் பெயரை நீக்கிவிட்டது. அது எனக்குத் தெரிய வந்தது ஏழு வாரம் கழித்து, நானே அழைத்துக் கேட்டபோது.

ஆகவே இன்றைக்கே வொய்ஸ்மெயிலை அமையுங்கள். உங்கள் குரலில் உங்கள் பெயர் அதில் இருக்கட்டும். பதிவு அழைப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் மறைத்த எண்ணையும் எடுங்கள். வேலை இடத்தில் கைபேசி வைத்திருக்க முடியாது என்றால், நீங்கள் விடும் செய்தியில் "செவ்வாய், வியாழன் காலை 9 முதல் 11 வரை அழையுங்கள்" என்று நேரம் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்றால் அதையும் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் அழைப்பார்கள்.

அழைப்பு 20 நிமிடம் முதல் 45 நிமிடம் வரை போகும். அவர்கள் கேட்டு முடித்ததும் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்கள். "இல்லை, நன்றி" என்று வைத்துவிடாதீர்கள். ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்திருங்கள்:

- கட்டணம் எவ்வளவு? வருமானத்துக்கு ஏற்றதா? "ஸ்லைடிங் ஸ்கேல்" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.
- மொத்தம் எத்தனை சந்திப்பு? பல இடங்களில் 6 முதல் 12 வரைதான்.
- காத்திருப்பு எவ்வளவு? பகல் நேரம் என்றால் குறையுமா?
- தமிழ் பேசும் ஆலோசகர் உண்டா? இல்லாவிட்டால் உரைபெயர்ப்பாளர் இலவசமா?
- யாராவது சந்திப்பை ரத்துச் செய்தால் எனக்கு அந்த இடத்தைத் தருவீர்களா?
- நேரிலா, தொலைபேசியிலா, வீடியோவிலா?

பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அழைக்கும்போது அது மிகவும் உதவும்.

6. கேள்வித்தாளும் "பரவாயில்லை" நோயும்

பதிவின்போது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளைக் கேட்பார்கள். பதற்றத்துக்கு இன்னும் ஏழு கேள்விகள். கடந்த 2 வாரங்களில் இது எத்தனை நாள் இருந்தது என்பதுதான் எல்லாக் கேள்வியும். ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும்; பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. ஒன்பது கேள்விக்கும் கூட்டினால் அதிகபட்சம் 27. உங்களை எந்தச் சேவைக்கு அனுப்புவது என்பதில் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு.

யாராவது சுகம் கேட்டால் "ஓம், நல்ல சுகம்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் தடவை எனக்கு வந்த புள்ளி 6. அந்த வாரத்தில் நான் ஐந்து இரவு நித்திரை கொள்ளவில்லை, ஒரு நாள் பஸ்ஸிலேயே அழுதேன். ஆனாலும் தொலைபேசியில் ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம் "சில நாட்கள்தான்" என்றேன். எனக்கு ஒரு கையேடு அனுப்பினார்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். அழைப்புக்கு முன் இரண்டு வாரம் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் நித்திரை, சாப்பாடு, அழுகை மூன்றையும் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள். பிறகு எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லலாம். கேள்வித்தாளுக்குத் தமிழ் வடிவமும் உண்டு; கேட்டால் தேடித் தருவார்கள்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. ஆம் என்றால் உடனே பொலிஸ் வந்துவிடும், பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் பலர் பொய் சொல்கிறார்கள். எண்ணம் வருகிறது என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேட்பார்கள்: திட்டம் இருக்கிறதா, எத்தனை தடவை, யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால்தான் ஆட்களை அனுப்புவார்கள். எண்ணம் வந்து போவதை மறைத்தால் உங்களுக்கு வேகமாகக் கிடைக்க வேண்டிய உதவி பின்னுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

7. கட்டணம்

வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் என்பது பேச முடியாத விலைப்பட்டியல் இல்லை. அட்டவணைப்படி எனக்கு 45 டொலர் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 45 டொலர் கட்ட முடியாது என்று சொன்னேன். "எவ்வளவு முடியும்?" என்று கேட்டார்கள். 15 என்றேன். சரி என்று எழுதிவிட்டார்கள். மரக்கறிக் கடையில் பேரம் பேசத் தெரிந்த எனக்கு இதைக் கேட்பதற்கு வாய் வர இரண்டு நாள் எடுத்தது. வேலை போனாலோ மணித்தியாலங்கள் குறைந்தாலோ நடுவிலும் கேட்கலாம்.

பட்டியலில் நிற்க முடியாதவர்களுக்கு இன்னொரு மலிவான வழி, பயிற்சியில் இருக்கும் முதுகலை மாணவர்கள். மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்வார்கள். நான் விசாரித்த இடங்களில் 20 முதல் 60 டொலர் வரை. ஓரிரு வாரத்தில் இடம் கிடைக்கும். மாணவர் என்று குறைத்து நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சந்திப்பையும் அவர்கள் ஆயத்தம் செய்துகொண்டு வருகிறார்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். எப்போது முடிகிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

யாரிடம் பணம் கட்டினாலும், அவர் பதிந்தவரா என்று பாருங்கள். சைக்கோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர், உளவியலாளர் ஒவ்வொருவருக்கும் ஒழுங்குமுறைச் சபை இருக்கிறது. அதன் இணையப் பட்டியலில் பெயரைத் தேடலாம். "கவுன்சலர்", "லைஃப் கோச்" என்ற பட்டங்களை யாரும் போட்டுக்கொள்ளலாம். வானொலியில் விளம்பரம் கொடுத்து, ஜாதகமும் பார்த்து, மனதையும் சரிசெய்வதாகச் சொல்லும் ஒருவரிடம் எங்கள் வீட்டில் 400 டொலர் போனது. அந்தக் கதை வேண்டாம்.

பற்றுச்சீட்டுகளில் பதிவு எண் இருக்கட்டும். பதிந்த சைக்கோதெரபிஸ்டின் கட்டணத்துக்கு 2024 ஜூனிலிருந்து விற்பனை வரி கிடையாது. பற்றுச்சீட்டில் 13 வீதம் சேர்த்திருந்தால் கேளுங்கள். குறைந்த வருமானக்காரர், நிகர வருமானத்தில் 3 வீதத்தைத் தாண்டும் மருத்துவச் செலவை வருமான வரியில் காட்டலாம். பஸ் செலவு: பிரெஸ்டோ அட்டையைத் தட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் அதே கட்டணம் செல்லும். சந்திப்பு 50 நிமிடம். இடம் கிட்ட என்றால் போய்வர ஒரு கட்டணமே போதும். முடிந்ததும் வாசலில் நின்று கதைக்காமல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

8. காத்திருக்கும் மாதங்கள்

ஒரே நேரத்தில் மூன்று பட்டியலில் பெயர் கொடுங்கள். இது துரோகம் இல்லை. பதிவு செய்பவர்களே அப்படித்தான் சொல்வார்கள். ஓரிடத்தில் கிடைத்ததும் மற்ற இரண்டிலும் சொல்லி எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை அழைத்து இன்னும் பட்டியலில் இருக்கிறேனா என்று கேளுங்கள். இரவு வேலை செய்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: பகல் 11 மணி இடங்கள் வேகமாகக் கிடைக்கும். மாலையையும் சனிக்கிழமையையும் எல்லாரும் கேட்பார்கள்.

நடுவில் தாங்க முடியாமல் போனால் ஒரு தடவைச் சந்திப்புகளைப் பயன்படுத்துங்கள். முன்பதிவு இல்லாமல் அல்லது அதே வாரத்தில் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் வாழ்க்கை மாறாது. எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது, அடுத்த இரண்டு வாரம் இரவில் என்ன செய்வது என்று எழுதிய ஒரு தாள். அது போதுமாக இருந்தது.

9. மொழியும் உரைபெயர்ப்பாளரும்

தமிழ் பேசும் ஆலோசகரைக் கேட்டால் காத்திருப்பு நீளும். ஆங்கிலம் பேசுபவரையும் உரைபெயர்ப்பாளரையும் ஏற்றால் குறையும். நான் இரண்டாவதை எடுத்தேன். அதில் கற்றவை சில.

எங்கள் சமூகம் சிறியது. முதல் சந்திப்புக்கு வந்த உரைபெயர்ப்பாளர் என் மாமியோடு ஒரே கோயிலுக்குப் போகிறவர். அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்; இரகசியம் காப்பது அவர் தொழில். ஆனால் என் வாய் திறக்கவில்லை. இப்படி நடந்தால் "இவரை எனக்குத் தெரியும், வேறு ஒருவர் வேண்டும்" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைவிட எளிது, பதிவின்போதே தொலைபேசி வழி உரைபெயர்ப்பாளரைக் கேட்பது; அவர் வன்கூவரில் இருப்பார், உங்கள் முகம் தெரியாது. பெண்தான் வேண்டும் என்றும் சொல்லலாம். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் என்றும் கேளுங்கள்.

அது ஏன் என்றால், நான் "ஒரே யோசனையாக இருக்கிறது" என்றேன். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கவலை என்று பொருள். உரைபெயர்ப்பாளர் நிறையச் சிந்திக்கிறேன் என்று மொழிபெயர்த்தார். ஆலோசகர் மகிழ்ந்து, என்ன சிந்தனை என்று கேட்டார். அடுத்த வாரம் "விசராக இருக்கிறது" என்றேன்; எரிச்சல் என்று சொல்ல வந்தது, பைத்தியம் பிடிக்கிறது என்று போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு ஆலோசகர் மகிழவில்லை. ஆகவே உணர்ச்சிச் சொல்லோடு ஓர் உதாரணமும் சொல்லுங்கள்: "யோசனை, அதாவது பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று இரவு மூன்று மணிக்கு எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்." உதாரணம் பிழையாகப் போகாது.

கணவரையோ பிள்ளையையோ உரைபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். பத்து வயதுப் பிள்ளையின் வாயால் அம்மாவின் துக்கத்தைச் சொல்ல வைப்பது கொடுமை. கணவருக்கு முன்னால் சொல்ல முடியாததைத்தான் நீங்கள் சொல்லப் போகிறீர்கள்.

வீடியோ, தொலைபேசிச் சந்திப்பு என்றால் எங்கிருந்து பேசுவது என்று முன்னரே யோசியுங்கள். பேஸ்மென்ட் சுவருக்குக் காது உண்டு. நான் கடை வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து பேசுவேன்.

10. முதல் நாள் கையெழுத்து

சம்மதப் படிவம் தருவார்கள். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரைபெயர்ப்பாளரை வாசித்துச் சொல்லச் சொல்லலாம். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் குடிவரவு அலுவலகத்துக்கோ முதலாளிக்கோ உறவினருக்கோ கொடுக்க முடியாது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ கடும் ஆபத்து, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆபத்து என்ற சந்தேகம், நீதிமன்றக் கட்டளை. அம்மாவுக்கு மனச்சோர்வு என்பது மட்டும் பிள்ளைகள் நலச் சங்கத்துக்கு அறிவிக்கக் காரணம் ஆகாது. வீட்டில் அடிதடி நடக்கிறது, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது ஆகலாம். எந்த எல்லைக்கு மேல் அறிவிப்பீர்கள் என்று முதல் நாளே நேராகக் கேளுங்கள். நல்ல ஆலோசகர் தெளிவாகப் பதில் சொல்வார்.

அகதி விசாரணைக்குக் கடிதம் தேவை என்று போகிறவர்களுக்கு: சமூக நிறுவனத்தின் ஆலோசகர், நீங்கள் எத்தனை தடவை வந்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்று எழுதலாம். இன்ன மனநோய் என்று தீர்ப்பெழுத ஒன்ராறியோவில் சமூகப் பணியாளருக்கும் சைக்கோதெரபிஸ்டுக்கும் அதிகாரம் இல்லை. அது வைத்தியர் அல்லது உளவியலாளரின் வேலை, செலவும் வேறு. உங்கள் சட்டத்தரணியிடம் சட்ட உதவி நிதி அதற்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கேட்டால் யாராலும் முடியாது.

11. வராமல் விட்டால், பிடிக்காவிட்டால், முடிந்துவிட்டால்

வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லுங்கள். சில இடங்களில் 48. சொல்லாமல் விட்டால் கட்டணம் அறவிடுவார்கள், இரண்டு தடவை விட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். பனிப்புயல் நாளில் தொலைபேசிச் சந்திப்பாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

மூன்று சந்திப்புக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு ஆலோசகரைக் கேளுங்கள். அவரிடமே சொல்லச் சங்கடம் என்றால் பதிவுப் பிரிவை அழைத்துச் சொல்லலாம். பெரிய மனிதரை அவமதிப்பதாக இங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சந்திப்புகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது என்பதைப் பாதியிலேயே நினைவில் கொள்ளுங்கள். எட்டில் ஐந்தாவது வந்ததும் "இதற்குப் பிறகு எங்கே?" என்று கேட்டு, அடுத்த இடத்தின் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: உங்களைப் பற்றிய ஒரு பக்கச் சுருக்கம், கோப்பு மூடப்படும் தேதி, மீண்டும் வர வேண்டுமென்றால் புதிதாகப் பதிய வேண்டுமா அல்லது பழைய கோப்பையே திறப்பார்களா என்ற பதில். என் இடத்தில் ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பட்டியலில் நிற்க வேண்டியதில்லை என்றார்கள். அந்தத் தேதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.